கர்சர் எந்தக் கட்டத்தில்? வாசகர் கேள்வி பதில்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் வேலை வேறு வேறு, தொல்லை மட்டும் ஒன்றுதான்: தட்டிய எழுத்து, போகவேண்டிய கட்டத்துக்குப் போகவில்லை. அடுத்து தட்டும் விசை எந்தக் கட்டத்துக்குச் சேருமோ, அந்தக் கட்டத்தில் ஃபோகஸ் இருக்கிறது என்று சொல்வது வழக்கம். பதில்களிலும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறோம்.

கோத்தகிரி வாசகர்: பசுந்தேயிலைக் கொள்முதல் நிலையத்துக்காக சி ஷார்ப் வின்ஃபார்ம்ஸில் (விண்டோஸ் சாளரங்கள் எழுதும் கருவித்தொகுப்பு) ஒரு பதிவு மென்பொருள் எழுதியிருக்கிறேன். உறுப்பினர் எண், மூட்டை எண்ணிக்கை, எடை, கழிவு, பிறகு 'சேமி'. கழிவுக் கட்டத்தைப் பின்னால்தான் சேர்த்தேன். எடையில் டேப் அடித்தால் கழிவைத் தாண்டி 'சேமி'க்குப் போய்விடுகிறது. பதிவு செய்பவரோ டேப்பே வேண்டாம், என்டரில் நகர வேண்டும் என்கிறார்.

பதில்: டேப் வரிசைக்கும் திரையில் கட்டம் இருக்கும் இடத்துக்கும் வின்ஃபார்ம்ஸில் சம்பந்தம் கிடையாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ள டேப்இண்டெக்ஸ் எண்தான் கணக்கு. புதிதாகப் போட்ட கட்டத்துக்கு இருப்பதிலேயே பெரிய எண் கிடைக்கும். அதனால்தான் உங்கள் கழிவுக் கட்டம் 'சேமி'க்கும் பின்னால் போய்விட்டது. விஷுவல் ஸ்டுடியோவில் ஃபார்மைத் திறந்து, வியூ மெனுவில் 'டேப் ஆர்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் எண் தெரியும். நீங்கள் விரும்பும் வரிசையில் ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் எண்கள் மாறிவிடும். குரூப்பாக்ஸ், பேனல் போன்றவற்றுக்குள் இருக்கும் கட்டங்கள் அந்தப் பெட்டிக்குள் மட்டும் வரிசைப்படும். ஆகவே முதலில் பெட்டிக்கு எண், பிறகு உள்ளே இருப்பவற்றுக்கு எண். உறுப்பினர் பெயர், நிகர எடை என மென்பொருளே நிரப்பும் கட்டங்களுக்கு டேப்ஸ்டாப்பை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். தட்ட ஒன்றுமில்லாத இடத்தில் கர்சர் நிற்க வேண்டியதில்லை.

பதிவு செய்பவர் என்டர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வலப்பக்க நம்பர் பேடில் என்டர் உண்டு, டேப் கிடையாது. இலைச் சீட்டை இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையால் எண்களைத் தட்டுபவர், ஒவ்வொரு கட்டத்துக்கும் விசைப்பலகையின் மறுகோடிக்குக் கை நீட்ட வேண்டுமா? மாலையில் மூட்டைகளோடு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது அந்தக் கை நீட்டல்தான் நேரத்தைத் தின்னும்.

செய்முறை இது. ஃபார்முக்கு அக்செப்ட்பட்டன் வைத்திருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஒற்றை வரிக் கட்டத்தில் அடிக்கும் என்டர், கட்டத்தின் கீடவுன் நிகழ்வுக்கு வராமலே 'சேமி'யை அழுத்திவிடும். பிறகு ஃபார்மில் ப்ராசஸ்சிஎம்டிகீ என்ற மெத்தடை ஓவர்ரைடு செய்து (அதன் இடத்தில் நம் நிரலை எழுதி), வந்த விசை என்டராகவும், ஆக்டிவ்கன்ட்ரோல் (ஃபோகஸ் இருக்கும் கட்டம்) ஒற்றை வரி டெக்ஸ்ட்பாக்ஸாகவும் இருந்தால் மட்டும் செலக்ட்நெக்ஸ்ட்கன்ட்ரோலை அழைத்து ட்ரூ திருப்பி அனுப்புங்கள். 'மட்டும்' என்பது முக்கியம். அந்தச் சோதனை இல்லாவிட்டால் குறிப்பு எழுதும் பல வரிக் கட்டத்தில் புது வரி வராது, காம்போபாக்ஸில் தேர்வு முடியாது, 'சேமி'யில் நின்று என்டர் அடித்தாலும் அது அழுந்தாமல் கர்சர் நகர்ந்துவிடும்.

இன்னும் ஒன்று. கட்டத்துக்குள் நுழைந்ததும் பழைய எண் முழுவதும் தேர்வாகி நீலமாக நிற்கும் அல்லவா? டெக்ஸ்ட்பாக்ஸ் அதைத் தானாகச் செய்வது முதல் முறை மட்டும்தான். இரண்டாம் முறை வரும்போது கர்சர் வெறுமனே நிற்கும். 42 என்று இருக்கும் இடத்தில் 38 தட்டினால் 4238 ஆகிவிடலாம். ஒவ்வொரு எண் கட்டத்தின் என்டர் நிகழ்விலும் செலக்ட்ஆல் எழுதிவிடுங்கள் (இங்கே என்டர் என்பது விசையல்ல, கட்டத்துக்குள் நுழைவதைக் குறிக்கும் நிகழ்வின் பெயர்). சேமித்தபின் கர்சரை உறுப்பினர் எண்ணுக்குத் திருப்பி அனுப்பவும் மறக்க வேண்டாம்.

குன்னூர் வாசகர்: எடைக் கட்டம் காலியாக இருந்தால் 'எடையைத் தட்டவும்' என்று செய்தி வரும்படி லாஸ்ட்ஃபோகஸில் எழுதினேன். மூட்டைக் கட்டத்துக்கும் அப்படியே. இப்போது இரண்டு செய்திகளும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன. 'ரத்து' பட்டனைக்கூட அழுத்த முடியவில்லை. டாஸ்க் மேனேஜரில் போய் மூட வேண்டியிருக்கிறது.

பதில்: நடப்பதை மெதுவாகப் பாருங்கள். எடை காலி. நீங்கள் மூட்டைக் கட்டத்தைச் சொடுக்குகிறீர்கள். எடை ஃபோகஸை இழக்கிறது, செய்தி திறக்கிறது. நிரல் உடனே ஃபோகஸை எடைக்குத் திருப்பச் சொல்கிறது. அதற்குள் மூட்டைக் கட்டத்துக்கு ஃபோகஸ் போய்விட்டிருந்தால், இப்போது அது பிடுங்கப்படுகிறது. அதுவும் காலி, ஆகவே அதன் செய்தி. அந்தச் செய்திப் பெட்டியும் ஒரு சாளரம்தான், அதுவும் ஃபோகஸை எடுக்கும். இப்படி ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே இருக்கும். ஃபோகஸ் கைமாறிக்கொண்டிருக்கும் நொடியில் அதை இன்னொரு பக்கம் இழுப்பதுதான் பிழை. லாஸ்ட்ஃபோகஸிலும், கட்டத்தை விட்டு வெளியேறும்போது வரும் லீவ் நிகழ்விலும் மெசேஜ்பாக்ஸ் கூடவே கூடாது.

சோதனைக்கென்று இருப்பது வேலிடேட்டிங் நிகழ்வு. அதில் கட்டத்தைச் சோதித்து, தவறானால் எரர்ப்ரொவைடர் மூலம் கட்டத்தின் ஓரத்தில் சிவப்புக் குறி காட்டுங்கள். 'ரத்து' பட்டனின் காஸஸ்வேலிடேஷனை ஃபால்ஸ் ஆக்கினால், அதை அழுத்தும்போது சோதனை ஓடாது. வேலிடேட்டிங்கில் கேன்சலை ட்ரூ ஆக்கியிருந்தால் மேல் மூலை பெருக்கல் குறியும் வேலை செய்யாது. ஃபார்ம்குளோசிங் நிகழ்வில் கேன்சலை ஃபால்ஸ் என்று திருப்பி வைத்தால்தான் சாளரம் மூடும்.

எங்கள் கருத்து இதைவிட ஒரு படி மேலே: ஆளைக் கட்டத்துக்குள் பூட்டவே வேண்டாம். தராசு இன்னும் நிலைக்கவில்லை, அதற்குள் கழிவைத் தட்டிவிடலாம் என்று அவர் நினைப்பது அவர் உரிமை. ஃபார்மின் ஆட்டோவேலிடேட்டை எனேபிள்அலவ்ஃபோகஸ்சேஞ்ச் என்று வையுங்கள். சிவப்புக் குறி தெரியும், கர்சரும் தாராளமாக நகரும். 'சேமி' அழுத்தும்போது வேலிடேட்சில்ட்ரன் அழைத்து எல்லாவற்றையும் சோதித்து, தவறாக இருக்கும் முதல் கட்டத்துக்கு ஃபோகஸை அனுப்புங்கள். ஜாவாவின் சாளரக் கருவித்தொகுப்பான ஸ்விங்கில் எழுதுபவர்களுக்கும் இதே நோய்தான். அங்கே இன்புட்வெரிஃபையர் வைத்தால், 'ரத்து' பட்டனுக்கு செட்வெரிஃபைஇன்புட்வென்ஃபோகஸ்டார்கெட் என்பதை ஃபால்ஸ் ஆக்க வேண்டும்.

உதகை வாசகர்: சாக்லேட், தைலம், தேயிலைத் தூள் விற்கும் கடை. பார்கோடு ஸ்கேனர் வைத்திருக்கிறோம். கூட்டம் அதிகமானால் சில சமயம் பார்கோடு எண் அளவுக் கட்டத்தில் ஏறி, பில் தொகை கோடிக்கணக்கில் வருகிறது. அளவுக் கட்டத்தில் மூன்று இலக்கத்துக்கு மேல் தட்ட முடியாதபடி வைத்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. அதைவிட மோசமாகும். இந்தியப் பதிவு பெற்ற 13 இலக்க பார்கோடுகள் 890 என்று தொடங்கும். மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் அளவுக் கட்டத்தில் 890 என்று அழகாக உட்கார்ந்துகொள்ளும். கோடிக்கணக்கில் வந்த பில் யார் கண்ணிலும் படும். 890 பாக்கெட் என்று இருப்பில் கழிந்துபோனது மாதக் கடைசியில்தான் தெரியும்.

ஸ்கேனர் கணினிக்கு இன்னொரு விசைப்பலகை, அவ்வளவுதான். 13 எண்களை வேகமாகத் தட்டி, கடைசியில் ஒரு என்டரையும் தட்டுகிறது. ஃபோகஸ் எங்கே என்று அதற்குத் தெரியாது. அளவுக் கட்டத்தில் கர்சர் நின்றால் அங்கேயே கொட்டும். திரையில் ஏதாவது செய்திப் பெட்டி திறந்திருந்தால், கடைசி என்டர் அதன் 'சரி'யை அழுத்தி, யாரும் படிக்காமலே மூடிவிடும். 'இருப்பு இல்லை' என்ற எச்சரிக்கை எப்படிக் கண்ணில் படாமல் போகிறது என்று யோசித்திருந்தால், காரணம் இதுவாக இருக்கக்கூடும்.

சரிசெய்ய மூன்று வழி, எளிதானதிலிருந்து சொல்கிறோம். ஸ்கேனரோடு வரும் கையேட்டில் அமைப்புகளை மாற்றும் பார்கோடுகள் அச்சாகியிருக்கும். முன்னொட்டு சேர்ப்பதற்கான பார்கோடைப் படிக்கவைத்து, கடையில் யாரும் தட்டாத ஒரு குறியை, உதாரணமாக அலைக்குறியை, ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் வரும்படி செய்யுங்கள். ஃபார்மில் கீப்ரிவ்யூவை ட்ரூ ஆக்கி, கீப்ரெஸ் நிகழ்வில் அந்தக் குறி வந்த நொடியிலிருந்து என்டர் வரை எல்லா எழுத்தையும் ஒரு மாறியில் சேருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஹேண்டில்டு ட்ரூ. முதல் கேள்விக்குச் சொன்ன ப்ராசஸ்சிஎம்டிகீயும் இதே ஃபார்மில் இருந்தால், எண் சேர்ந்துகொண்டிருக்கும்போது என்டரை அது தொடாமல் விடவேண்டும். இப்படி வைத்தால் கர்சர் எந்தக் கட்டத்தில் நின்றாலும் எண் பொருள் பட்டியலுக்கே போகும், அளவுக் கட்டத்தில் ஓர் இலக்கமும் ஏறாது.

இரண்டாவது, முன்னொட்டு வைக்க முடியாத பழைய ஸ்கேனர்களுக்கு நேரத்தை அளப்பது. ஸ்கேனரின் எழுத்துகள் சில மில்லி விநாடி இடைவெளியில் வரும், மனித விரலுக்கு அந்த வேகம் வராது. ஆனால் கணினி திணறும்போது இது ஏமாற்றும். வேறு வழி இல்லாதபோது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் நாங்கள் பரிந்துரைப்பது: ஸ்கேனரை விசைப்பலகை முறையிலிருந்து யூஎஸ்பி சீரியல் முறைக்கு மாற்றுவது. பல ஸ்கேனர்களில் இதற்கும் கையேட்டில் ஒரு பார்கோடு இருக்கும். பிறகு அது காம் போர்ட் வழியாகப் பேசும். ஃபோகஸுக்கும் அதற்கும் உறவே அறுந்துவிடும். கொஞ்சம் நிரல் எழுத வேண்டும், அதோடு தொல்லை தீரும்.

எழுத்து கலந்த பார்கோடு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். விசைப்பலகை முறையில் இருக்கும் ஸ்கேனர் எழுத்தை அனுப்புவதில்லை, விசையை அனுப்புகிறது. கணினி தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் நின்றால் ஆங்கில 'ஏ' வரவேண்டிய இடத்தில் 'அ' வரும், 'ஹெச்' இருக்கவேண்டிய இடத்தில் 'க' வரும்.

கொடைக்கானல் வாசகர்: விடுதிப் பதிவேடு. விருந்தினர் பெயர், ஊர் தமிழில், கைபேசியும் வண்டி எண்ணும் ஆங்கிலத்தில். ஒவ்வொரு முறையும் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அடித்து மொழி மாற்றி அலுத்துவிட்டது. கட்டத்துக்குப் போனதும் மொழி தானாக மாறுமா?

பதில்: மாறும். தமிழ்க் கட்டத்தின் என்டர் நிகழ்வில் இன்புட்லாங்குவேஜின் இன்ஸ்டால்டுஇன்புட்லாங்குவேஜஸ் பட்டியலைச் சுற்றிவந்து, கல்ச்சர் பெயர் 'டிஏ' என்று தொடங்குவதைக் கண்டுபிடித்து, அதைக் கரன்ட்இன்புட்லாங்குவேஜ் ஆக்குங்கள். வண்டி எண் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு இதேபோல். தமிழ் விசைப்பலகை நிறுவாத கணினியில் தேடல் வெறுங்கையோடு திரும்பும். அப்போது எதையும் மாற்றாமல் விடுங்கள்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். பெயரைத் தட்டும்போது ஆல்ட்+டேப் அடித்து இ-பாஸ் பார்க்க பிரவுசருக்குப் போகிறார், அங்கே ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் திரும்பி வருகிறார். கர்சர் பெயர்க் கட்டத்தில்தான் நிற்கிறது, ஆனால் எழுத்து ஆங்கிலத்தில் விழுகிறது. வின்ஃபார்ம்ஸில் என்டரும் லீவும் ஒரு ஃபார்முக்குள் நகரும்போது மட்டும்தான் வரும், வேறு சாளரத்துக்குப் போய்த் திரும்பினால் வராது. ஆகவே ஃபார்மின் ஆக்டிவேட்டட் நிகழ்விலும் ஆக்டிவ்கன்ட்ரோல் எது என்று பார்த்து மொழியை அமைக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் மொழித் தேர்வு எல்லாச் சாளரங்களுக்கும் பொதுவாகவே இயல்பாக இருக்கிறது. சாளரத்துக்குச் சாளரம் தனியாக வேண்டுமென்றால் அமைப்புகளில் அதற்கொரு தேர்வு உண்டு. விண்டோஸ் மொழிப் பட்டியலில் சேராமல் விசைகளை நேரடியாகப் பிடித்து மாற்றும் தட்டச்சு மென்பொருள் பயன்படுத்தினால், மேலே சொன்ன எதுவும் அதை அசைக்காது.

பூம்பாறை வாசகர்: மலைப்பூண்டு கொள்முதலுக்குக் க்யூட்டி என்ற சாளரக் கருவித்தொகுப்பில் ஒரு படிவம். நீளமானது, சக்கரத்தை உருட்டித்தான் கீழே போகவேண்டும். உருட்டும்போது விலைக் கட்டம் சுட்டிக்குக் கீழே வந்தால் விலை மாறிவிடுகிறது.

பதில்: எண்ணை ஏற்றி இறக்கும் ஸ்பின்பாக்ஸின் இயல்பான ஃபோகஸ் பாலிசி வீல்ஃபோகஸ், அதாவது சக்கரத்தை உருட்டினாலே ஃபோகஸ் வந்துவிடும். அதை ஸ்ட்ராங்ஃபோகஸ் ஆக்குங்கள். அதோடு நிற்காதீர்கள், ஏனென்றால் சக்கர நிகழ்வு ஃபோகஸ் எங்கே என்று பார்க்காமல் சுட்டிக்குக் கீழே இருப்பதற்கே போகும். வீல்ஈவென்ட்டை ஓவர்ரைடு செய்து, ஹேஸ்ஃபோகஸ் இல்லாவிட்டால் ஈவென்ட்டை இக்னோர் செய்யுங்கள். அது மேலே இருக்கும் ஸ்க்ரோல்ஏரியாவுக்குப் போய், படிவம் உருளும், விலை அப்படியே இருக்கும். காம்போபாக்ஸ்களுக்கும் இதே மருந்து.

கூடலூர் மாணவி: கல்லூரி ப்ராஜெக்ட்டைப் பைத்தானில் டிகேஇன்டர் என்ற சாளரக் கருவித்தொகுப்பு கொண்டு செய்கிறேன். கிரிட்டில் வரிசையாக அடுக்கியும் டேப் தாறுமாறாகப் போகிறது. பெரிய டெக்ஸ்ட் கட்டத்துக்குள் போனால் வெளியே வரவே முடியவில்லை. பட்டனில் என்டர் அடித்தால் ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறதம்மா. டிகேஇன்டர் டேப் வரிசையை விட்ஜெட்டுகள் (கட்டம், பட்டன் போன்றவை) ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்பட்ட வரிசையிலிருந்து எடுக்கிறது. சாதாரணமாக அது நிரலில் உருவாக்கிய வரிசைதான். கிரிட்டின் ரோ, காலம் எண்கள் அதைத் தொடுவதில்லை. உருவாக்கும் வரிகளைச் சரியான வரிசையில் மாற்றி எழுதினாலே போதும். எழுதியதைக் கலைக்க மனமில்லை என்றால், வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றுக்கும் லிஃப்ட் அழைத்தால், கடைசியாக அழைத்தது வரிசையில் கடைசியாகும்.

டெக்ஸ்ட் கட்டத்தில் டேப் என்றால் உள்ளே ஒரு டேப் இடைவெளி என்று பொருள். கன்ட்ரோல்+டேப் அடித்தால் வெளியே வரலாம். இதை எல்லோரும் அறிந்திருக்க மாட்டார்கள், ஆகவே டேப்பை பைண்ட் செய்து (விசையோடு நம் நிரலை இணைத்து), ஈவென்ட்டின் விட்ஜெட்டில் டிகே_ஃபோகஸ்நெக்ஸ்ட், அதன்மேல் ஃபோகஸ்_செட், கடைசியில் 'பிரேக்' என்ற சரத்தைத் திருப்பி அனுப்புங்கள். 'பிரேக்' விட்டுப்போனால் கர்சரும் நகரும், கட்டத்தில் ஓர் இடைவெளியும் விழும். ஷிஃப்ட்+டேப் தானாகப் பின்னால் போகாது, அதையும் இதேபோல் தனியாக பைண்ட் செய்து டிகே_ஃபோகஸ்ப்ரீவ் அழையுங்கள்.

பட்டனை ஸ்பேஸ் அழுத்தும், என்டர் அழுத்தாது. ரிட்டர்ன் விசையை பைண்ட் செய்து இன்வோக் அழையுங்கள். லினக்ஸில் நம்பர் பேட் என்டருக்குத் தனிப் பெயர், கேபி_என்டர். அதையும் சேர்த்து பைண்ட் செய்யுங்கள். ஃபோகஸ்_ஃபோர்ஸ் என்று ஒன்று கண்ணில் படும், அதைத் தொடாதீர்கள். அது வேறு மென்பொருளில் தட்டிக்கொண்டிருப்பவரின் கையிலிருந்து ஃபோகஸைப் பறிக்கும்.

அருவங்காடு வாசகர்: எங்கள் அலுவலக மென்பொருளில் நினைவூட்டல் சாளரம் திடீரென்று எழும்புகிறது. வேகமாகத் தட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்பேஸ் அதில் விழுந்து 'ஆம்' அழுந்திவிடுகிறது. விண்டோஸ் இதைத் தடுக்காதா?

பதில்: பின்னணியில் இருக்கும் வேறு மென்பொருள் முன்னால் குதிப்பதை விண்டோஸ் 98, 2000 காலத்திலிருந்தே கட்டுப்படுத்துகிறது. குதிக்க முயன்றால் டாஸ்க்பாரில் பொத்தான் மின்னும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும் மென்பொருளே தன் இன்னொரு சாளரத்தைத் திறந்தால் விண்டோஸ் குறுக்கே வராது. எழுதியவர்தான் திருத்த வேண்டும். அவரிடம் சொல்லுங்கள்: நினைவூட்டலுக்கு மெசேஜ்பாக்ஸ் வேண்டாம், தனி ஃபார்ம் வைத்து ஷோவித்அவுட்ஆக்டிவேஷன் பண்பை ஓவர்ரைடு செய்து ட்ரூ திருப்பட்டும். சாளரத்தை எப்போதும் மேலே நிறுத்தும் டாப்மோஸ்ட்டையும் சேர்த்து வைத்தால் இது பலிக்காமல் போவதுண்டு, சோதித்துப் பார்க்கட்டும். கேள்வி கேட்டே ஆகவேண்டிய இடத்தில் இயல்பான பட்டன் 'இல்லை' ஆக இருக்கட்டும். தெரியாமல் விழுந்த ஸ்பேஸ் கெடுதல் செய்யாது.

வெலிங்டன் வாசகர்: பார்வையற்றவன். என்விடிஏ திரைவாசிப்பான் கொண்டு வேலை செய்கிறேன். உள்ளூரில் எழுதிக் கொடுத்த கணக்கு மென்பொருளில் பாதிப் பட்டன்களுக்கு டேப்பில் போகவே முடியவில்லை. சில கட்டங்களில் 'எடிட்' என்று மட்டும் சொல்கிறது. சேமித்ததும் மௌனமாகிவிடுகிறது. எழுதியவரிடம் என்ன சொல்வது?

பதில்: மூன்று செய்தி சொல்லுங்கள், மூன்றும் அரை நாள் வேலை. டேப்பில் அகப்படாத 'பட்டன்' பெரும்பாலும் பட்டனே அல்ல, வண்ணம் பூசிய லேபிளோ பிக்சர்பாக்ஸோ. அவற்றுக்கு ஃபோகஸ் வராது. உண்மையான பட்டனை வைத்து, ஃபிளாட்ஸ்டைலில் அலங்காரம் செய்துகொள்ளட்டும். ஃபோகஸ் வந்ததும் விளிம்பு தடித்துத் தெரியவேண்டும். ஃபோகஸ் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியே சொல்கிறது. அது இணையத்துக்காக எழுதியது, என்றாலும் விதி டெஸ்க்டாப்புக்கும் பொருந்தும்.

'எடிட்' என்று மட்டும் கேட்பது, கட்டத்துக்குப் பெயர் சேராததால். வின்ஃபார்ம்ஸில் டேப் வரிசையில் கட்டத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் லேபிள்தான் அதன் பெயராக வாசிக்கப்படும். எடை லேபிள் 6 என்றால் எடைக் கட்டம் 7 ஆக இருக்கட்டும், அல்லது அக்சசிபிள்நேம் பண்பில் பெயரை எழுதட்டும். இந்த வரிசை சரியானால் ஆல்ட் குறுக்குவிசையும் சரியாக வேலை செய்யும். குறுக்குவிசைக்குத் தமிழ் எழுத்தை வைத்தால் தமிழ் விசைப்பலகையில் இருக்கும்போது மட்டும்தான் அது பலிக்கும். லேபிளில் தமிழ்ப் பெயருக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்தையோ எண்ணையோ போட்டு, அதற்கு முன் ஆம்பர்சண்ட் (&) குறி வைப்பது நல்லது.

மௌனத்துக்குக் காரணம், சேமிக்கும்போது இரண்டாம் முறை அழுந்தாமலிருக்க 'சேமி' பட்டனை முடக்குவதாக இருக்கலாம். ஃபோகஸ் அதன் மேலேயே இருக்கிறது, முடங்கிய பட்டன் விசையை வாங்காது. சில கருவித்தொகுப்புகள் அடுத்த கட்டத்துக்குத் தாமே நகர்த்தும், சில நகர்த்தாமல் தொலைத்துவிடும். முதலில் உறுப்பினர் எண்ணுக்கு ஃபோகஸை அனுப்பிவிட்டு, அடுத்த வரியில் பட்டனை முடக்கட்டும். சந்தேகம் வரும்போது நீங்கள் இன்சர்ட்+டேப் அடியுங்கள். ஃபோகஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று என்விடிஏ சொல்லும். அது சொன்ன பெயரை அப்படியே குறித்துக் கொடுத்தால், எழுதியவருக்குப் பிழையைத் தேடும் வேலை பாதி குறையும்.